நோஃபியின் தென்னை நின்ற இடம்

நிலம் அளக்க வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். ஸாரசுவா அடுப்படியில் தீய்ந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குக் குடிக்க இந்த ஊரில் அதைத்தான் கொடுப்பார்கள். கீழே பாதையில் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டதும் பானை சாய்ந்து, பாதித் தண்ணீர் சாம்பலில் கொட்டியது. உஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஒண்ணுமில்ல. அளக்கிறது மண்ணுக்கு மேலதானே. கீழ என்ன இருக்குன்னு யாரு கேக்கப்போறா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினைந்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பலகையில் அறிவிப்பு ஒட்டிய அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் மடியில் இல்லை, மண்ணுக்குள் இருந்தது.

அந்தக் கனம் என்னவென்று உங்களிடம் மறைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸாரசுவாவின் புருஷன் யோரிஸ் பெல்ஜியத்துக்காரன். இந்தத் தீவில், ஆற்றோரமாக இருக்கும் அம்பூதிமாங்கா ஊருக்குப் படகு என்ஜின் பழுதுபார்க்க வந்தவன், ஒன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறான். அந்நியரை எல்லாரும் வஸாஹா என்று கூப்பிடுகிற ஊரில் அவனும் ஒரு வஸாஹா. வஸாஹாவின் பெயரில் மண் எழுத முடியாது. எழுத முடிந்தாலும் ஊர் சம்மதிக்காது. முன்னோர் கொடுத்த மண்ணை, முன்னோர் எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாத ஒருவனிடம் எப்படிக் கொடுப்பது? ஸாரசுவாவின் அப்பா இதற்கு ஒரு வழி கண்டார். அவள் பிள்ளை உண்டானபோது குடும்பத்தையெல்லாம் கூட்டி, "இந்தக் கிராம்புச் சரிவு மருமகனுக்கும் இல்ல, மகளுக்கும் இல்ல. எந்தப் பிள்ளையோட நஞ்சுக்கொடி இந்த மண்ணுல பொதையுதோ, அந்தப் பிள்ளைக்கு. அது வளர்ற வரைக்கும் தாய்க்காரி பாத்துக்கட்டும்" என்று முன்னோருக்குச் சாராயம் ஊற்றி வாக்குச் சொன்னார்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். ஸாரசுவாவுக்கு நினைவு திரும்ப ஒரு நாள் ஆனது. கண் விழித்ததும் முதலில் பிள்ளையைக் கேட்டாள், அடுத்து நஞ்சுக்கொடியைக் கேட்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்திருந்த பெண்தான் சொன்னாள். "நர்ஸம்மா மூடி போட்ட பேசினைக் கொண்டாந்து ஒங்க வீட்டுக்காரருகிட்ட காட்டுச்சு. கொண்டுபோறீங்களா, நாங்களே பாத்துக்கவான்னு கேட்டுச்சு. அவரு சரி சரின்னாரு. எடுத்துட்டுப் போயி குழியில போட்டுட்டாங்க."

அந்தக் காலத்தில் யோரிஸ் இங்கத்திப் பேச்சில் புரியாததற்கெல்லாம் 'சரி' என்றுதான் சொல்வான். அவனிடம் அவள் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த மனுஷனிடம், உன் மகளின் மண்ணை நீயே தொலைத்துவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது?

ஒன்பதாம் நாள் படகில் ஊர் திரும்பினாள். அப்பா கால் வீங்கிப் பாயில் கிடந்தார். "கொண்டு வந்தியா?" என்றார், மகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்து.

"கொண்டு வந்திருக்கேம்ப்பா" என்றாள்.

படகுத்துறையில் பொறுக்கிய ஆற்றுக்கல் அது. ஒன்றரைக் கைப்பிடி இருக்கும். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, புதுப்பானையில் வைத்து, மூடியை நார் போட்டுக் கட்டியிருந்தாள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சரிவில் உட்கார வைத்தார்கள். அவர் கண்முன்னே பானை குழிக்குள் போனது, மேலே தென்னங்கன்று நட்டார்கள். பதினோராம் நாள் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அதற்கப்புறம் ஸாரசுவாவுக்கு நிம்மதி இல்லை. நஞ்சுக்கொடி தொலைந்த பிள்ளைக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது என்று ஊரில் சொல்வார்கள். நோஃபி நடக்கத் தொடங்கியதிலிருந்தே எங்காவது போய்விடுவாள். நாலு வயதில் ஒருநாள் காணாமல் போய், ஆற்றங்கரையில் கட்டியிருந்த ஒரு படகுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கயிறு மட்டும் அவிழ்ந்திருந்தால் கடல்தான். "வஸாஹா ரத்தம்ல, ஊர் சுத்தத்தான் செய்யும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். ஸாரசுவாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பிள்ளையின் நஞ்சுக்கொடிக்குப் பதிலாகக் கல்லைப் புதைத்தவள் அவள் அல்லவா? காய்ச்சல் வந்தால் மற்ற தாய்மார் பிள்ளை சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். இவள் பிள்ளை கல்லைப்போலக் குளிர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

இதுதான் அவள் கனம். இப்போது மேலே ஏறி வருகிறவர்களைப் பாருங்கள்.

முன்னால் பெமனானா வந்தார். குலத்தின் சிவப்புக் கோலைப் பிடிக்கிறவர், ஸாரசுவாவுக்குப் பெரியப்பா முறை. முன்னோரோடு பேசும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அவர் பின்னால் நில அலுவலகத்திலிருந்து வந்த பெண். பெரிய பையும் சுருட்டிய வரைபடமுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அவளுக்கு ஊர் ஏற்கெனவே காகிதக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. கடைசியில் தோளில் மண்வெட்டியோடு ஸாரசுவாவின் அண்ணன் ஸிலாஹி. இந்தச் சரிவுக்கு அடுத்த சரிவு அவனுடையது.

ஸாரசுவாவின் கண் மண்வெட்டியிலேயே நின்றது.

"அளக்கிறதுக்கு மண்வெட்டி எதுக்குண்ணே?"

"பாம்பு வந்தா அடிக்க" என்றான் ஸிலாஹி. "ஏன், ஒனக்கு எதுக்கு மொகம் வெளுக்குது? நீயும் வஸாஹா ஆயிட்டியா?"

யோரிஸ் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் குவளைகளை நீட்டினான். இரண்டு நாளாக அவன் பிள்ளைபோலத் துள்ளிக்கொண்டிருந்தான். "இன்னைக்கு எழுதிட்டா பேப்பர் வந்துடும். அப்புறம் நோஃபியை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று மனைவியிடம் காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டான். தனக்கென்று ஒரு பிடி மண்ணும் கேட்காதவன். மகளுக்கு மட்டும் முத்திரை குத்திய காகிதம் வேண்டுமென்று இரண்டு வருஷம் அலைந்தான்.

எல்லையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ஓடையோரம் சரி. பலாமரம் சரி. முன்னோர் உறங்கும் தோப்பின் பக்கம் வந்தபோது, யோரிஸ் விரலை நீட்டாமல், மடக்கிய விரலால் மரியாதையாக எல்லையைக் காட்டினான். "பரவால்லியே, வெரலை மடக்கக் கத்துக்கிட்டான்" என்று பெமனானா முணுமுணுத்தார். ஸாரசுவாவின் மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி, அண்ணனின் பக்கம்.

அங்கே வந்ததும் ஸிலாஹி நின்றான்.

"இந்தக் கிராம்பு வரிசை யாருது?"

பதினோரு மரங்கள் ஒரே வரிசையாக நின்றன.

"எங்களுது" என்றான் யோரிஸ். "தென்னை வரைக்கும் எங்களுதுன்னு மாமா சொன்னார்."

"தென்னை எங்க மச்சான்? காட்டு பாப்போம்."

தென்னை இல்லை. பிப்ரவரிப் புயலில் அந்தச் சரிவில் ஏழு தென்னைகள் வேரோடு சாய்ந்தன, நோஃபியின் தென்னையும் அதில் ஒன்று. இழுத்துப் போட்டு, குழிகளைத் தூர்த்து, மேலே மரவள்ளி நட்டாகிவிட்டது. இப்போது எல்லாம் ஒரே பச்சை.

"வரிசைக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு" என்றான் யோரிஸ்.

"இந்தப் பக்கம் நின்னுச்சு" என்றான் ஸிலாஹி. "அது தழைச்சதுலேருந்து அதுக்கு அடியில உக்காந்துதான் வெத்தல போட்டேன், எனக்குத் தெரியாதா?"

ஸாரசுவா முன்னால் வந்தாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அண்ணே, அந்த வரிசைய நீயே வச்சுக்க. பதினோரு மரம்தானே. நமக்குள்ள என்ன?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸிலாஹி கண்ணைச் சுருக்கினான்.

"ஏய், சின்ன வயசுல ஒரு கரும்புத் துண்டுக்கு என் கையக் கடிச்சவ நீ. இந்தா, தழும்பு இன்னும் இருக்கு. நீ பதினோரு மரத்தைச் சும்மா குடுக்கிறியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வேண்டாம் ஸாரா" என்றான் யோரிஸ். "இது நம்முது இல்ல, நோஃபியோடது. நாம எப்படிக் கொடுக்கலாம்?"

பெமனானா கோலைத் தரையில் ஊன்றினார். "எதுக்குச் சண்டை? தென்னை போனா என்ன, பானை எங்கயும் போகாது. தோண்டுங்க. பானை கெடக்கிற எடம் எல்லை. அதுக்குத்தான் மண்வெட்டி எடுத்தாரச் சொன்னேன்."

"அப்புறம் பானைய என்ன செய்வீங்க பெரியப்பா?" என்றாள் ஸாரசுவா.

"என்ன கேள்வி இது? வெளிச்சத்துக்கு வந்ததை அப்பிடியே திருப்பிப் பொதைக்க முடியுமா? மூடியத் தொறந்து, சாராயம் ஊத்தி, எழுப்பினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மூடணும்."

அவளுக்கு மரவள்ளி இலைகள் காற்றே இல்லாமல் அசைவதுபோல் இருந்தன. காகிதக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாமாம்மா? பாப்பாவுக்கு ஒடம்பு..." என்றாள். பாப்பா அந்த நேரத்தில் பெமனானாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிராம்பு மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தாம்மா" என்றாள் காகிதக்காரம்மா. "நான் ஆறு ஊர் பாக்கணும்."

"எடத்தைக் காட்டு, ஸாரா" என்றார் பெமனானா. "பெத்தவளுக்கு மறக்காது."

ஸாரசுவா காட்டினாள். தப்பான இடத்தைக் காட்டினாள். வரிசைக்கு இந்தப் பக்கம், பத்தடி கீழே. அவள் விரலும் மடங்கித்தான் இருந்தது. மரியாதையில் இல்லை, பயத்தில்.

ஸிலாஹி தோண்டினான். முழங்கால் ஆழம் போனது, இடுப்பு ஆழம் போனது. செம்மண்ணும் வேரும்தான் வந்தன.

"எனக்கே குழி வெட்ட வைக்கிறியா?" என்று வியர்வையைத் துடைத்தான். "பானைக்குக் கால் மொளைச்சிடுச்சா?"

"புயல் தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கும்ண்ணே. விட்டுடலாம்."

விட்டிருப்பார்கள். பெமனானாவும் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து யோரிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டான்.

"போட்டோ! என்கிட்ட போட்டோ இருக்கு!"

கைபேசியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பின்னால் போனான். ஆறு வருஷம் பின்னால். கண்டுபிடித்து எல்லாருக்கும் காட்டினான். நாற்காலியில் மாமனார். அவர் கால்மாட்டில் குழி. குழிக்குப் பின்னால், இரண்டாகப் பிளந்து நிற்கும் கருப்புப் பாறை. அந்தப் பாறை அதோ, அசையாமல், வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

"பாத்தீங்களா, நான் சொன்னது சரி!" என்று பெருமையோடு மனைவியைப் பார்த்தான். பாவம், அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

இந்தத் தடவை மண்வெட்டியை அவனே வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு வெட்டும் ஸாரசுவாவின் அடிவயிற்றில், பழைய தழும்பின் மேல் விழுந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடலாமா? மண்வெட்டி ணங் என்றது.

யோரிஸ் மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கினான். பானை முழுசாக வந்தது. நார் கருத்திருந்தது, அறுந்திருக்கவில்லை. பெமனானா பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தோப்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கனமாத்தான் இருக்கு" என்றார் பிரியமாக. நார் முடிச்சில் நகத்தை வைத்தார்.

"பெரியப்பா, தொறக்காதீங்க!"

அந்தச் சத்தத்தில் நோஃபிகூட ஓடுவதை நிறுத்தினாள்.

"அதுல ஒண்ணுமில்ல. கல்லு. கல்லுதான் இருக்கு."

அவள் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, பேசின், ஆற்றங்கரை, அப்பா. யாருடைய 'சரி' என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, "அவங்களே எடுத்துப் போட்டுட்டாங்க" என்று முடித்தாள்.

பெமனானா பானையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். தேள் இருக்கும் பெட்டியை வைப்பதுபோல வைத்தார்.

"ஒங்கப்பன் சாகறப்ப இதைத்தான் பாத்துட்டுப் போனானா?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

ஸிலாஹி தான் வெட்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் அவரை நாற்காலியோட தூக்கிட்டு வந்தேன்" என்றான். "வழி முழுக்க, மெதுவாடா, மெதுவாடான்னாரு. பேத்தி மண்ணைப் பாக்கப் போறேன்னாரு. கல்லுக்காடி தூக்க வச்சே என்னை?"

காகிதக்காரம்மா தொண்டையைச் செருமினாள். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் ஒண்ணு எழுதியாகணும். ஆட்சேபணை இருக்கா, இல்லையா?"

எல்லாக் கண்ணும் ஸிலாஹியிடம் போனது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும். காகிதம் நிற்கும். மண் குடும்பத்துக்குத் திரும்பும். குடும்பம் கூடும்போது, முன்னோரை ஏமாற்றிய வீட்டைச் சரிவில் இருக்கவிடலாமா என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் வரும் என்று ஸாரசுவாவுக்குத் தெரியும்.

"இருக்கு" என்றான் ஸிலாஹி. "பதினோரு மரத்துக்காகச் சொல்லல. மரம் எனக்கு மயிரு. அப்பாவோட வாக்கு வெறும் பானை ஆயிடுச்சு. அதுக்காகச் சொல்றேன். இருக்கு."

காகிதக்காரம்மா பேனா மூடியைக் கழற்றினாள்.

யோரிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வேகமான பேச்சு அவனுக்கு இன்னும் பாதிதான் பிடிபடும். ஆனால் பேசின் என்ற சொல் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. மனைவியின் எதிரில் குந்தினான்.

"அந்த நர்ஸ்... மூடி போட்டது கொண்டு வந்தாங்க. அதுவா?"

அவள் அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான் என்ன சொன்னேன், ஸாரா?"

"நோஃபி அப்பா, விடுங்க."

"என்ன சொன்னேன்?"

"சரின்னு சொன்னீங்க."

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். ஆறு வருஷம் பொத்தி வைத்தது இதைப் பார்க்கக் கூடாது என்றுதானே. அவன் எழுந்து பெமனானாவின் முன்னால் போய், இந்த ஊர் ஆண்கள் செய்வதுபோலவே தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தான்.

"ஐயா, தப்பு என்னோடது. அவளோடது இல்ல. நான் மாடு தரேன். ரெண்டு தரேன்."

"மாடு தப்புக்கு" என்றார் பெமனானா. "அது ஒண்ணு போதும். மண்ணுக்கு என்ன குடுப்பே?"

யோரிஸுக்குப் புரியவில்லை.

"ஒங்க வீட்டு ஒடம்புல ஏதாவது ஒண்ணு இந்த மண்ணுல கெடக்கணும். அதுதான் அவன் வாக்கு. பிள்ளையோடது ஆஸ்பத்திரிக் குழியில போச்சு. ஒன்னோட நஞ்சுக்கொடி எங்க இருக்கு?"

"தெரியாது ஐயா. எரிச்சிருப்பாங்க."

ஸிலாஹிகூட நிமிர்ந்து பார்த்தான். ஒன்பது வருஷம் கூட உட்கார்ந்து குடித்தவன், தன்னுடையது எங்கே இருக்கிறது என்றே தெரியாத அநாதையா?

"எரிச்சிட்டாங்களா? பெத்தவங்க பாத்துக்கிட்டா இருந்தாங்க?" என்றான் ஸிலாஹி. அவன் குரலில் இருந்த கோபம் எங்கோ வழுக்கிப் போயிருந்தது.

"அப்ப மொதல்ல குடுக்க ஒண்ணுமில்ல" என்றார் பெமனானா. "கடைசியில குடு. செத்தா எங்க படுப்பே?"

இப்போதுதான் ஸாரசுவாவுக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை பட்டதெல்லாம் அதன் நிழல் என்று தோன்றியது. பெல்ஜியத்தில், அவன் அப்பாவின் கல்லறைப் பலகையில் யோரிஸின் பெயரும் ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. பிறந்த வருஷம் மட்டும் போட்டு, பக்கத்தில் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை அவன்தான் காட்டினான். எண்பத்திரண்டு வயதான அவன் அம்மா ஞாயிறுதோறும் அங்கே பூ வைக்கிறாள். எங்கே இறந்தாலும் உன் பக்கத்தில் வந்துவிடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். இப்போது இல்லை என்று சொன்னால் மண் போகும். சரி என்று சொன்னால்?

பெமனானாவே அதைச் சொன்னார். "அவசரப்படாதே. எங்கிட்டச் சொன்னா நான் மறந்துடுவேன், கெழவன். அவங்ககிட்டச் சொன்னா மறக்க மாட்டாங்க." மடக்கிய விரலால் தோப்பைக் காட்டினார். "சொல்லிட்டு வேற எங்கயாவது போய்ச் செத்தா, வாக்கு ஒன்னைத் தேடிக் கடல் தாண்டி வராது. இங்க யாரு இருக்காங்களோ அவங்களைப் பிடிக்கும்."

நோஃபி அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு, அவன் காதுக்குள் எதையோ ஊதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதீங்க!" ஸாரசுவா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மண்ணு போனாப் போகட்டும். பட்டணத்துல வாடகைக்கு இருந்துக்கலாம். ஒங்கம்மா முடியாம கெடந்தா நீங்க போகணும். வண்டியில, ஏரோப்ளேன்ல, என்ன வேணா ஆகும். அந்த வாக்கை இவ மேலயா வைக்கிறது?"

"யோசிச்சுச் சொல்லு மச்சான்" என்றான் ஸிலாஹி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இது என்ஜின் இல்ல, கழட்டித் திருப்பி மாட்டறதுக்கு."

யோரிஸ் முதுகிலிருந்த மகளின் இரண்டு கைகளையும் தன் கழுத்தின் முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஸாரா, நான் அன்னைக்குப் புரியாம சரின்னு சொன்னேன்" என்றான். "இன்னைக்குப் புரியுது."

தோப்பைப் பார்த்துத் திரும்பினான். பெமனானா சொல்லச் சொல்ல, நாக்குத் தடுமாறத் தடுமாற, ஒரு சொல்லும் விடாமல் திருப்பிச் சொன்னான். என் பெயர் யோரிஸ். என் முன்னோரை உங்களுக்குத் தெரியாது. என் மகளை உங்களுக்குத் தெரியும். நான் உங்களிடம் வந்து படுப்பேன். சாராயம் மண்ணில் விழுந்தது. வறண்ட காலமும் இல்லை, ஆனாலும் மண் அதை ஒரே மடக்கில் குடித்தது. ஸாரசுவா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆட்சேபணை?" என்றாள் காகிதக்காரம்மா.

ஸிலாஹி மூக்கைச் சிந்தினான். "இல்ல. எழுதிக்க. பானை கெடந்த எடம் எல்லை."

கல்லை ஸாரசுவாவே எடுத்துப் போய் எடுத்த இடத்தில் போட வேண்டும், அப்பாவிடம் ஒரு வருஷம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெமனானா தீர்ப்புச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அதெல்லாம் இப்போது பெரிதாகவே தெரியவில்லை.

கீழே வீட்டுக்கு வந்து எல்லாரும் சோறு தின்றார்கள். மரவள்ளிக் கீரை இடித்து வைத்த குழம்பும் காய்ந்த மீனும். யோரிஸ் பாரம் இறங்கினவன்போலச் சிரித்துப் பேசினான். காகிதக்காரம்மா முத்திரைக் காகிதத்துக்கு இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் படகு பிடிக்க ஓடினாள். ஸிலாஹி மட்டும் தின்றுகொண்டே மச்சானை மேலும் கீழும் பார்த்தான். கை கழுவியதும் வெளியே போய் ஒரு நீள மூங்கிலோடு வந்தான்.

"எந்திரி மச்சான். நேரா நில்லு."

"எதுக்கு?"

"நில்லுன்னா. எங்க ஆளுங்களுக்கெல்லாம் முழு மரத்தைக் கொடைஞ்சுதான் பொணப்பெட்டி. நீ பனைமரம் மாதிரி இருக்கே. ஒனக்கு ஏத்த மரம் இந்தப் பக்கம் எங்க இருக்கு? இப்பவே பாத்து அடையாளம் போட்டாத்தானே ஆகும். கால மடக்கிப் படுக்க வச்சா ராத்திரியெல்லாம் என்னைத் திட்டமாட்டியா?"

யோரிஸ் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து, முதுகை விறைத்துக்கொண்டு மூங்கிலோடு ஒட்டி நின்றான். அண்ணன் முகத்தில் இருந்தது பிரியம்தான். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவன் இந்த மனுஷனை இப்படித் தொட்டு நிறுத்தியதில்லை. அது ஸாரசுவாவுக்கும் தெரிந்தது.

ஸிலாஹி கத்தியால் மூங்கிலில், மச்சானின் உச்சந்தலைக்கு நேராக, ஒரு வெட்டு வெட்டினான்.

"எனக்கும், மாமா! எனக்கும்!" என்று நோஃபி ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில், அதே மூங்கிலில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஸிலாஹி சிரித்துக்கொண்டே கத்தியைக் கீழே இறக்கினான்.

ஸாரசுவா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். மகளை மூங்கிலிலிருந்து பிய்த்து எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"வலிக்குதும்மா, விடு" என்றாள் நோஃபி.

அவள் விடவில்லை.